விஏ நிராகரித்த பழைய கோரிக்கையைக் கொழும்பிலிருந்து மறுபடி எழுப்புவது எப்படி

அமெரிக்கப் படையில் சேவை செய்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பி வந்த தமிழர் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். கிறீன் கார்ட் லொத்தரில் போய் இராணுவத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. வெளிநாட்டவரை அவர்களுடைய மொழியறிவுக்காகப் படையில் சேர்த்த, தமிழும் சிங்களமும் தேவையான மொழிகளாகப் பட்டியலில் இருந்த மவ்னி திட்டத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. முழங்காலோ முதுகோ காதோ பழுதாகி வந்து, விஏ எனப்படும் அமெரிக்கப் படைவீரர் விவகாரத் திணைக்களத்திடம் ஊனக் கொடுப்பனவு கேட்டு, "மறுக்கப்பட்டது" என்ற கடிதத்தை வாங்கி, அத்தோடு அதை அலுமாரியில் போட்டு மூடியவர்கள் இவர்களில் பலர். அவர்களுக்காகவும், அவர்களுடைய கடிதங்களைப் பார்க்கும் மனைவி, பிள்ளை, தம்பி, தங்கைக்காகவும்தான் இதை எழுதுகிறேன். இலங்கை முப்படையின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் வேறு சட்டம், வேறு அலுவலகம். அதற்கு இந்தக் குறிப்பு பொருந்தாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய நிராகரிப்பைத் திருப்பப் பல வழிகள் இருக்கின்றன. எந்த வழியால் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பணம் இன்றிலிருந்து கணக்காகுமா, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கணக்காகுமா என்பது முடிவாகும். 2025 கட்டணப்படி குடும்பம் இல்லாத ஒருவருக்கு 10 வீத ஊனத்துக்கு மாதம் 175.51 டொலர், 100 வீதத்துக்கு 3,831.30 டொலர். இதைப் பல வருட நிலுவையோடு பெருக்கிப் பாருங்கள். அதனால் பழைய தாள்களைப் படித்து முடிக்கும் முன் எந்தக் கோரிக்கைப் படிவத்தையும் அனுப்பாதீர்கள். விதிவிலக்கு ஒன்றுதான்: ஒரு வருடக் கெடு முடியப் போகிறது என்றால். அதைக் கீழே சொல்கிறேன்.

கடிதத்தைத் தேடுங்கள், திகதியைப் பாருங்கள்

வீட்டில் விஏயிடமிருந்து வந்த எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்புங்கள். தேட வேண்டியது முடிவுக் கடிதம். அதன் முதல் பக்கத்தில் இருக்கும் திகதிதான் கெடுவைத் தொடக்கி வைக்கிறது. உங்கள் கைக்குக் கடிதம் வந்து சேர்ந்த நாள் இங்கே கணக்கில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது: விஏ வைத்திருந்த முகவரி ரெக்சாஸிலோ நியூ ஜேர்சியிலோ இருக்கும் மச்சானின் வீடு. கடிதம் அங்கே போய், மாதக்கணக்கில் கிடந்து, யாரோ வரும்போது கையில் கொண்டு வந்திருப்பார்கள். நீங்கள் முகவரி மாறியதை விஏக்கு அறிவிக்கவில்லை என்றால், தெரிந்த கடைசி முகவரிக்கு அவர்கள் அனுப்பியது செல்லும். ஆனால் மாறிய முகவரியை எழுத்தில் அறிவித்த பிறகும் பழைய முகவரிக்கே அனுப்பியிருந்தால் விடயம் வேறு. ஒழுங்காக அறிவிக்கப்படாத முடிவு இறுதியானதல்ல என்று வாதிட இடம் இருக்கிறது. அந்த அறிவித்தலின் பிரதியைத் தேடிப் பத்திரப்படுத்துங்கள்.

ஏன் மறுத்தார்கள்?

கடிதத்தில் "முடிவுக்கான காரணங்கள்" என்ற பகுதி இருக்கும். பெரும்பாலும் ஒரு பந்திதான். ஒரு ஊனம் படைச் சேவையோடு தொடர்புடையது என்று ஏற்க விஏக்கு மூன்று வேண்டும்: இப்போது அந்த நோய் இருக்கிறது என்ற வைத்திய முடிவு, சேவையில் இருந்தபோது நடந்த ஒரு காயமோ நோயோ சம்பவமோ, அப்புறம் இந்த இரண்டையும் இணைக்கும் தொடர்பு. மறுப்பு வந்திருந்தால் இவற்றில் ஒன்று இல்லை என்று சொல்லியிருப்பார்கள். எது இல்லை என்று சொன்னார்கள் என்பதை ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். இனிச் செய்வதெல்லாம் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்வதுதான். தொடர்பு இல்லை என்று மறுத்தவர்களுக்கு, நோய் இருக்கிறது என்று காட்டப் பத்து ஸ்கான் ரிப்போர்ட் அனுப்புவதில் பயனில்லை. நல்ல மனிதர்கள் பலர் பணத்தையும் மாதங்களையும் இப்படித்தான் இழக்கிறார்கள்.

2019 பெப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த புதிய முறைப்படி எழுதப்பட்ட கடிதங்களில் இன்னொரு பகுதியும் உண்டு: உங்களுக்குச் சாதகமாக ஏற்றுக்கொண்ட விடயங்கள். "சேவையில் முழங்காலில் அடிபட்டது உறுதியாகிறது" என்று அதில் இருந்தால், அடுத்து உங்கள் கோப்பைப் பார்க்கும் விஏ அதிகாரியையும் அது கட்டுப்படுத்தும். அது தெளிவாகவே தவறு என்று காட்டும் ஆதாரம் இல்லாமல் அவர்களால் அதைத் தள்ள முடியாது. அந்த வரிகளுக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள்.

முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்

உங்களைப் பற்றி விஏ வைத்திருக்கும் முழுக் கோப்புக்குச் சி-ஃபைல் என்று பெயர். 20-10206 என்ற படிவத்தில் கேட்கலாம், கட்டணம் இல்லை. வந்து சேர மாதங்கள் ஆகலாம், அதனால் முதலில் இதைப் போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். படைச் சேவைப் பதிவுகள், டிடி-214 எனப்படும் படை விலகல் சான்று ஆகியவற்றைச் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்திடம் எஸ்எஃப்-180 படிவத்தில் தனியாகக் கேட்கலாம். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் ஏற்பட்ட தீயில் 160 முதல் 180 இலட்சம் வரையான கோப்புகள் எரிந்தன. பெரும்பாலும் 1960க்கு முன் விலகிய தரைப்படையினருடையதும், 1964க்கு முன் விலகிய விமானப்படையினர் ஒரு பகுதியினருடையதும். அண்மைக் காலத்தில் சேவை செய்தவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கோப்பு வந்ததும் மூன்றைத் தேடுங்கள். சேரும்போது எடுத்த உடல் பரிசோதனை அறிக்கை. மறுப்புக்கு ஆதாரமாக விஏ வைத்த பரிசோதனை வைத்தியரின் அறிக்கை. அப்புறம், மறுப்பு வந்த பிறகு ஒரு வருடத்துக்குள் நீங்கள் அனுப்பி, விஏ பதிலே சொல்லாமல் விட்ட ஏதாவது வைத்தியச் சான்று. இந்த மூன்றாவது பெரிய விடயம். பழைய முறையில், அந்த ஒரு வருடத்துக்குள் வந்த முக்கியமான புதிய ஆதாரத்தை விஏ கவனித்து முடிவு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அந்தப் பழைய கோரிக்கை இன்னும் முடியாமல் திறந்தே இருக்கிறது என்று வாதிடலாம்.

ஒரு வருடம் இன்னும் முடியவில்லையா?

அப்படியென்றால் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். கடிதத் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று வழிகளில் ஒன்றை எடுத்தால், பின்னால் வெற்றி வரும்போது பணம் முதல் கோரிக்கையின் திகதியிலிருந்து கிடைக்கும்.

புதிய ஆதாரம் இருந்தால் சப்ளிமெண்டல் கிளெய்ம், படிவம் 20-0995. முன்பு கோப்பில் இல்லாததும், மறுத்த காரணத்தோடு தொடர்புடையதுமான ஏதாவது ஒன்று போதும். ஆதாரமெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, படித்தவர்தான் தவறவிட்டார் என்று நினைத்தால் ஹையர் லெவல் ரிவியூ, படிவம் 20-0996. மூத்த அதிகாரி ஒருவர் முதலிலிருந்து பார்ப்பார். புதிய தாள் ஒன்றும் சேர்க்க முடியாது. மூன்றாவது, வொஷிங்டனில் உள்ள மேன்முறையீட்டுச் சபை, படிவம் 10182. நீதிபதி ஒருவர் பார்ப்பார். விசாரணை கேட்கலாம், கேட்காமலும் விடலாம். முதல் இரண்டுக்கும் விஏ வைத்திருக்கும் இலக்கு சராசரி 125 நாள். சபைக்குப் போனால் அதைவிட நெடுநாள் எடுக்கும்.

கெடு முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது, கையில் ஆதாரம் எதுவும் இல்லை என்றால் என்ன செய்வது? ஹையர் லெவல் ரிவியூ போடுங்கள். அதில் தோற்றாலும் அந்த முடிவின் திகதியிலிருந்து இன்னொரு வருடம் கிடைக்கும். அதற்குள் வைத்தியர் கடிதத்தோடு சப்ளிமெண்டல் போடலாம், பழைய திகதி அறுபடாது. ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் அடுத்த அடியை வைத்துக்கொண்டே போனால் சங்கிலி தொடரும். சபையின் முடிவிலிருந்து 120 நாளுக்குள் அமெரிக்கப் படைவீரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம்.

ஒரு வருடம் கடந்துவிட்டால்

பெரும்பாலானவர்கள் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எப்போதும் திறந்திருக்கும் வழி சப்ளிமெண்டல் கிளெய்ம். இதற்கு எந்தக் காலக்கெடுவும் இல்லை. 2012 இல் மறுத்ததை இன்றைக்கும் எழுப்பலாம். ஆனால் வருடம் கடந்து போட்டால், வெற்றி பெற்றாலும் பணம் பொதுவாக இந்தப் புதிய விண்ணப்பம் விஏக்குக் கிடைத்த நாளிலிருந்துதான். மாதாமாதம் கிடைக்கவேண்டியது இனியாவது கிடைக்கட்டும் என்பவர்களுக்கு இது சரியான வழி, தாமதிக்காமல் செய்யுங்கள்.

சட்டம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஓகஸ்ட் 10 இல் கையெழுத்தான பக்ட் சட்டம், எரிகுழிப் புகையை, அதாவது முகாம்களில் குழி தோண்டிக் குப்பை எரித்த புகையை, சுவாசித்தவர்களுக்குப் பெரிய மாற்றம். ஆப்கானிஸ்தான், ஜோர்தான், சிரியா போன்ற இடங்களில் 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு, அல்லது ஈராக், குவைத், கட்டார் போன்ற இடங்களில் 1990 ஓகஸ்ட் 2க்குப் பிறகு சேவை செய்தவர்களுக்கு, சேவைக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்துமா, நாட்பட்ட சைனஸ் அழற்சி, பல வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றின் தொடர்பை இப்போது சட்டமே ஊகித்துக்கொள்கிறது. நீங்கள் தொடர்பை நிரூபிக்கத் தேவையில்லை. 2022க்கு முன் "ஆஸ்துமாவுக்கும் சேவைக்கும் தொடர்பில்லை" என்று மறுக்கப்பட்டவர் சப்ளிமெண்டல் போட இதுவே போதுமான காரணம்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. விஏ முடிவெடுத்த நாளில் இருந்தும் கோப்பில் சேராமல் போன படைத்துறைப் பதிவு ஒன்று பின்னால் கிடைத்தால், விஏ விதித்தொகுப்பின் 3.156 ஆம் விதியின் சி பிரிவின் கீழ் விஏ அந்தக் கோரிக்கையை மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதிவு உங்கள் வெற்றிக்கு ஒரு காரணமானால் பணம் பழைய திகதிக்கே போகும். முகாம் வைத்திய நிலையக் குறிப்பு, விபத்து அறிக்கை, எந்தப் பிரிவு எங்கே இருந்தது என்ற பதிவு எல்லாம் இதில் அடங்கும். கொழும்பில் எடுத்த வைத்தியக் கடிதம் இதில் அடங்காது, படைத்துறையின் சொந்தத் தாளாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, கியூ என்று எல்லாரும் சொல்வது: தெளிவான, மறுக்கமுடியாத பிழை. இதற்கும் காலக்கெடு இல்லை. வென்றால், அந்தப் பிழை நடக்கவே இல்லை என்பதுபோல் முதல் திகதியிலிருந்து கொடுப்பார்கள். அதனாலேயே இது கடினம். மூன்று விடயம் சேர்ந்து வர வேண்டும். ஒன்று, அன்று கோப்பில் இருந்த உண்மையை விஏ கவனிக்கவில்லை, அல்லது அன்று இருந்த சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியது. இரண்டு, அந்தப் பிழை நியாயமான இருவர் வாதிட முடியாத அளவுக்கு வெளிப்படை. மூன்று, பிழை இல்லாதிருந்தால் முடிவு நிச்சயமாக மாறியிருக்கும். எல்லாவற்றையும் அன்றைய கோப்பையும் அன்றைய சட்டத்தையும் வைத்தே காட்ட வேண்டும். பிறகு எழுதிய வைத்தியக் கடிதம் இங்கே செல்லாது. "ஆதாரத்தை அவர்கள் சரியாக எடைபோடவில்லை" என்பது கியூ அல்ல. "எனக்காகப் பதிவுகளைத் தேடித்தரவில்லை" என்பதும் கியூ அல்ல. சட்டம் பின்னால் மாறியது என்பதும் அல்ல.

அப்படியானால் எதுதான் கியூ? ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒருவர் 2009 இல் சேர்ந்தார். சேரும்போது எடுத்த டிடி 2808 என்ற உடல் பரிசோதனைத் தாளில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை, பக்கத்தில் "சாதாரணம்", "அசாதாரணம்" என்று கட்டங்கள். முதுகெலும்பு வரிசையில் "சாதாரணம்" கட்டத்தில் அடையாளம் இருக்கிறது. சேவையில் முதுகு அடிபட்டது, சிகிச்சைக் குறிப்பு இருக்கிறது. 2013 இல் வெளியேறிக் கோரிக்கை போட்டார். விஏ பரிசோதனை வைத்தியரும் முதுகு பழுது என்றும், சேவைக் காயத்தின் தொடர்ச்சி என்றும் எழுதினார். ஆனால் முடிவுக் கடிதம், "சேவைக்கு முன்பே இருந்த முதுகு வலி" என்று மறுத்துவிட்டது. ஏன் என்று பார்த்தால், சேரும்போது அவரே நிரப்பிய வரலாற்றுப் படிவத்தில் "பள்ளியில் விளையாடும்போது ஒருமுறை முதுகு வலித்தது" என்று எழுதியிருக்கிறார்.

அமெரிக்கச் சட்டம் சொல்வது: சேரும்போது பரிசோதனையில் குறிக்கப்படாத எந்தக் குறையும் இல்லாமல் ஆரோக்கியமாகவே ஒருவர் சேர்ந்தார் என்று ஊகிக்க வேண்டும். தானே சொன்ன வரலாறு மட்டும் "குறிக்கப்பட்டது" ஆகாது என்பதும் விதியில் இருக்கிறது. அந்த ஊகத்தை உடைக்க, நோய் முன்பே இருந்தது என்பதையும் சேவையால் அது மோசமாகவில்லை என்பதையும் விஏயே மறுக்கமுடியாத ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மறுப்புக் கடிதத்தில் இந்த ஊகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, கோப்பிலும் அப்படியான ஆதாரம் இல்லை என்றால், கியூ எழுதுவதற்கு நல்ல இடம் இதுதான்.

கியூ கடிதத்தில் பொதுவாக "எனக்கு அநியாயம் நடந்தது" என்று எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எந்தத் திகதி முடிவு, எந்த நோய், கோப்பின் எந்தத் தாளில் உள்ள எந்த உண்மை, அன்று நடைமுறையில் இருந்த எந்த விதி, அது சரியாகப் பயன்பட்டிருந்தால் முடிவு எப்படி வேறாகியிருக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அன்றைய விதிகளைப் பார்க்க, அமெரிக்க அரசின் கவ்இன்ஃபோ தளத்தில் 1996 முதல் ஒவ்வொரு வருடத்து விதித்தொகுப்பும் இலவசமாக இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது 38 ஆம் தலைப்பு. ஒரே வாதத்தை இரண்டாம் தடவை எழுப்ப முடியாது. அவசரத்தில் அரைகுறையாக எழுதி அந்த ஒரு சந்தர்ப்பத்தை வீணாக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்பேன். பழைய முடிவு மேன்முறையீட்டுச் சபையுடையது என்றால், கியூ மனுவைச் சபையிடமே கொடுக்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: நோய் இன்றும் இருக்கிறது, புதிய ஆதாரமும் கிடைக்கும் என்றால் முதலில் சப்ளிமெண்டலைப் போட்டு இன்றைய கொடுப்பனவைத் தொடக்குங்கள். கியூவை ஆற அமர, கோப்பு முழுவதும் வந்த பிறகு எழுதுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

கொழும்பில் ஆதாரம் திரட்டுவது

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது: நம் வைத்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தான். மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்குங்கள்.

வசதியில்லாதது, வைத்தியர் கடிதம். சனல் பண்ணிப் போனால் விசேட வைத்தியருக்கு உங்களோடு கிடைப்பது சில நிமிடம். அதில் அவர் எழுதித் தருவது "இவருக்கு நாட்பட்ட முதுகு வலி உண்டு" என்ற இரண்டு வரி மருத்துவச் சான்றிதழ். விஏக்கு அது போதாது. முதலிலேயே ஒரு நேரம் கேட்டு, சேவைக்கால வைத்தியக் குறிப்பின் பிரதி, மறுப்புக் கடிதத்தின் காரணப் பக்கம், இரண்டையும் கொடுங்கள். கடிதத்தில் வேண்டியவை: வைத்தியர் அந்தக் குறிப்புகளைப் படித்தார் என்ற வரி, நோயின் பெயர், சேவைச் சம்பவத்தால் அது வந்திருப்பதற்கான சாத்தியம் பற்றிய அபிப்பிராயம், ஏன் அப்படிச் சொல்கிறார் என்ற விளக்கம், அவருடைய தகைமையும் இலங்கை மருத்துவ சபைப் பதிவு எண்ணும். அபிப்பிராயத்துக்கு விஏ எதிர்பார்க்கும் சொற்றொடர் "அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நொட்", அதாவது ஐம்பதுக்கு ஐம்பதாவது இருக்கிறது என்பது. நூறு வீதம் உறுதி என்று எழுத வேண்டும் என நினைத்து நல்ல வைத்தியர்கள் பின்வாங்குகிறார்கள். அந்த அளவு உறுதி கேட்கப்படவில்லை, ஆதாரம் இரு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று சட்டம் சொல்கிறது என்று விளக்குங்கள். விளக்கப் பந்தி இல்லாமல் அந்தச் சொற்றொடர் மட்டும் இருந்தாலும் பலம் குறைவு.

வீட்டாரின் வாக்குமூலமும் ஆதாரம்தான். போகும்போது ஓடிய பிள்ளை, வந்தபோது கோயில் படி ஏறமுடியாமல் நின்றான் என்று ஒரு தாய் நேரில் கண்டதை எழுதினால் விஏ அதைப் பார்க்க வேண்டும். படிவம் 21-10210. கூடச் சேவை செய்த நண்பர் எழுதினால் இன்னும் நல்லது. அம்மா தமிழில் எழுதினால், அவர் கையெழுத்திட்ட மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். நமக்கு எந்தத் தாள் என்றாலும் சமாதான நீதவானிடம் ஓடிப் பழக்கம். இந்தப் படிவத்துக்கு அது தேவையில்லை. நான் அறிந்தவரையில் உண்மை என்ற உறுதிமொழி படிவத்திலேயே இருக்கிறது, அதன் கீழ் கையெழுத்துப் போட்டால் போதும். கிராம சேவகர் கடிதமும் வேண்டாம்.

யாரிடம் உதவி கேட்பது

அமெரிக்கன் லீஜன், டிசேபிள்ட் அமெரிக்கன் வெடரன்ஸ், வெடரன்ஸ் ஒஃப் ஃபொரின் வோர்ஸ் போன்ற சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்வார்கள். படிவம் 21-22 இல் அவர்களை நியமிக்கலாம், எல்லாம் ஈமெயிலிலும் தொலைபேசியிலும் நடக்கும். சட்டத்தரணி வேண்டுமானால் 21-22ஏ. சட்டத்தரணி முதல் முடிவு வந்த பிறகான வேலைக்குத்தான் கட்டணம் எடுக்கலாம். கிடைக்கும் நிலுவையில் 20 வீதம் நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நியாயமற்றது என்றும் விதி ஊகிக்கிறது. கியூ வழக்குக்குச் சட்டத்தரணி பெறுமதியானவர் என்பது என் எண்ணம்.

விஏயின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் "உங்கள் கோப்பைச் செய்து தருகிறேன், முதல் சில மாதக் கொடுப்பனவை எனக்குத் தாருங்கள்" என்றால் விலகிவிடுங்கள். விஏயின் சட்ட ஆலோசகர் அலுவலகத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். கொழும்பில் உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும், அந்த அங்கீகாரம் இல்லாமல் விஏ முன் உங்களுக்காக நிற்க முடியாது.

அனுப்புவதும் பின்தொடர்வதும்

இலங்கையில் விஏ அலுவலகம் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுக்கு இருக்கும் ஒரே பிராந்திய அலுவலகம் மணிலாவில், அதுவும் பிலிப்பைன்ஸுக்குத்தான். ஆகவே இணையத்தில் ஏற்றுவதே சிறந்தது. விஏ தளத்தில் கணக்கைத் திறந்து படிவத்தை நிரப்பி, இணைப்புகளைப் பிடிஎஃப் ஆக ஏற்றி, வரும் உறுதிப்படுத்தல் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். கியூ கடிதம் போன்றவற்றை குவிக் சப்மிட் என்ற விஏ கருவி வழியாக ஏற்றலாம். தாளில்தான் அனுப்புவேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: விஸ்கொன்சின் மாநிலம் ஜேன்ஸ்வில்லில் உள்ள ஆதார மையத்தின் முகவரி ஒரு தபால் பெட்டி. தனியார் கூரியர் நிறுவனங்கள் தபால் பெட்டிக்குக் கொண்டு போய்க் கொடுப்பதில்லை. காசு கட்டிவிட்டுப் பொதி திரும்பி வரும்போதுதான் தெரியும். தபால் வழியாகவோ தொலைநகல் வழியாகவோ அனுப்புங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பத் தனித் தொலைநகல் எண்ணும் விஏ தளத்தில் உண்டு.

ஹையர் லெவல் ரிவியூவில் அதிகாரியோடு தொலைபேசியில் பேசும் வாய்ப்பைக் கேட்கலாம், கேளுங்கள். நேரத்தைத் தெரிவு செய்யும் இடத்தில் அமெரிக்கக் கிழக்கு நேரத்தின் காலைப் பகுதியைக் குறியுங்கள். அங்கே காலை 8 மணி, இங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் மாலை 6.30. பிற்பகலைக் குறித்தால் நள்ளிரவு தாண்டியும் காத்திருக்க வேண்டி வரும். எண்ணை +94 தொடக்கம் முழுமையாக எழுதுங்கள். தெரியாத வெளிநாட்டு எண்ணை எடுக்காத பழக்கத்தை அந்த வாரங்களில் மட்டும் விடுங்கள். பேசும்போது புதிய ஆதாரம் சொல்ல முடியாது. கோப்பின் எந்தத் தாளில் பிழை என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு அழைப்பு வந்தால் தவறவிடக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவருக்கு விஏயின் ஒப்பந்த நிறுவனமோ தூதரகமோ உள்ளூர் வைத்தியரை ஒழுங்கு செய்வதுண்டு. அழைப்புக் கடிதம் வெள்ளவத்தை அடுக்குமாடியின் கீழ்த்தளப் பெட்டியில் யாருடைய கட்டுக்குள்ளோ கிடந்து, போகாமல் விட்டதால் மறுத்துவிட்டார்கள் என்று ஆகிவிட வேண்டாம். இலக்கம், மாடி, ஒழுங்கை எல்லாம் சேர்த்து முகவரியை விஏ கணக்கில் இன்றே திருத்துங்கள், ஈமெயிலையும் சேருங்கள்.

வெற்றி பெற்றால் பணத்தோடு இன்னொன்றும் வரும். ஏற்கப்பட்ட நோய்க்குக் கொழும்பில் எடுக்கும் சிகிச்சைச் செலவை வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தின் கீழ் விஏயிடம் திரும்பக் கேட்கலாம். அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். பற்றுச்சீட்டுகளை இப்போதிருந்தே நோயின் பெயரோடு வாங்கி வையுங்கள்.

படைவீரர் இறந்துவிட்டால்

கோரிக்கையோ மேன்முறையீடோ முடியாமல் இருக்கும்போது அவர் இறந்தால், மனைவி அவருடைய இடத்தில் நின்று அதைத் தொடரலாம். இறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் 21பி-0847 படிவம் போட வேண்டும். துக்க வீட்டில் யாரும் இதை நினைப்பதில்லை, அதனால் பிள்ளைகள் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஒன்றும் நிலுவையில் இல்லாவிட்டாலும், சேவையால் வந்த நோயே மரணத்துக்குக் காரணம் என்றால் மனைவிக்குத் தனி உரிமை இருக்கிறது, படிவம் 21பி-534ஈஇசட். அந்த நோயை அவர் உயிரோடிருந்தபோது விஏ நிராகரித்திருந்தாலும், மனைவியின் கோரிக்கையைப் பொதுவாக அந்த நிராகரிப்பு கட்டுப்படுத்தாது. புதிதாகவே பார்ப்பார்கள். "அவருக்கே தரவில்லை, எனக்கா தருவார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். விவாகப் பதிவுச் சான்றிதழையும் மரணச் சான்றிதழையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு எடுங்கள். மரணச் சான்றிதழில் வெறுமனே "மாரடைப்பு" என்று மட்டும் இருந்தால், சிகிச்சை செய்த வைத்தியரிடம் போய், அதற்குப் பின்னால் இருந்த நோய் என்ன, அது எத்தனை காலமாக இருந்தது என்று தனிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வைத்தியசாலைப் பதிவுகள் கையில் எடுக்கக்கூடியதாக இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.